பதினொரு கைகள்

இசைக்குழுவில் யார் தப்புச் செய்தாலும் அதற்கு ஒரு மரியாதையான பெயர் உண்டு. வயலின்காரர் சுருதியை விட்டு விலகினால் அது உணர்ச்சி. செல்லோக்காரர் பிந்தினால் அது நிதானம். தாள்காரர் தப்புச் செய்தால் மட்டும் அது தப்பு.

தாள்காரர் என்று எல்லோரும் கூப்பிடும் அந்த மனிதருக்கு மேடைக்குப் பின்னால், தண்ணீர்க் குழாய்கள் ஓடும் நடைவழியின் கடைசியில் ஓர் அறை. ஜன்னல் கிடையாது. நாலு சுவருக்கும் இரும்பு அலமாரி, அலமாரி நிறைய ஸ்வரம் எழுதின நோட்ஸ், நடுவில் பெரிய மேஜை, மேஜைமேல் பென்சில், ரப்பர், ஊசி நூல், ஆறிப்போன காபி. யார் யார் எதை வாசிக்க வேண்டுமோ அதை எழுதி, அச்சடித்து, தைத்து, ஒத்திகைக்கு அரை மணி முன்னால் வாசிப்பவர்களுக்கு எதிரே நிற்கும் ஒவ்வொரு ஸ்டாண்டிலும் வைப்பது அவர் வேலை.

இதில் என்ன பெரிய வித்தை என்று கேட்பவர்கள் பக்கம் திருப்பிப் பார்த்ததில்லை என்று அர்த்தம். தந்தி வாத்தியக்காரர்கள் இருவருக்கு ஒரு ஸ்டாண்டு. அதில் உள்பக்கம் உட்கார்ந்திருப்பவர்தான் பக்கம் திருப்ப வேண்டும். திருப்புகிற கை வாசிக்க முடியாது. ஆகவே நல்ல தாள்காரர் என்ன செய்வார் என்றால், ஒவ்வொரு பக்கத்தின் கடைசி வரியும் ஒரு மௌனத்தில் வந்து முடிகிற மாதிரி இழுத்தும் நெருக்கியும் எழுதுவார். திருப்பினதே தெரியக்கூடாது. இருபத்தாறு வருஷமாக அவர் கையிலிருந்து போன எந்தத் தாளும் யாரையும் தடுமாற வைத்ததில்லை. இதற்காக யாரும் அவரைப் பாராட்டியதும் இல்லை. தடுமாறாதவன் எதற்குத் தாளைப் பற்றி யோசிக்கப் போகிறான்?

அந்த வருஷம் மேதை வந்து சேர்ந்தார்.

மேதை என்பது இசைக்குழு வைத்த பெயர். அவரே அந்தப் பெயரைத்தான் தேர்ந்தெடுத்திருப்பார் என்பதால் யாருக்கும் மனசாட்சி உறுத்தவில்லை. கழுத்தில் எந்நேரமும் ஒரு சால்வை, கையில் ஒரு தோல் பை. நிர்வாகம் அவரிடம் தனிக் குழலுக்கும் இருபத்திரண்டு தந்தி வாத்தியங்களுக்குமாக ஒரு புதிய படைப்பு கேட்டிருந்தது. கொண்டுவந்தார். பெயர், 'இன்மையின் ஐந்து முகங்கள்'. இசை பத்தொன்பது நிமிஷம். அதைப் பற்றி அவர் எழுதிய விளக்கத்தை வாசிக்க நாற்பது நிமிஷம். அவரே நின்று நடத்துவதாகவும் ஏற்பாடு. நடத்தும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். இசை உள்ளேயிருந்து வருகிறதாம். எதிரே இருபத்திரண்டு பேர் வேர்க்க விறுவிறுக்க இழுத்துக்கொண்டிருப்பது அவருக்கு ஒரு தற்செயல்.

முதல் குழல்காரர் நோட்ஸை வீட்டுக்கு எடுத்துப்போனார். மறுநாள் காலை அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. கடைசிப் பக்கத்தைப் பார்த்தபோது பிடித்திருக்கும் என்பது தாள்காரரின் கணக்கு. ஆக வாய்ப்பு இரண்டாம் குழலுக்கு வந்தது. இரண்டாம் குழல், தாள்காரரின் மனைவி.

பத்தொன்பது வருஷமாக அந்தம்மா இரண்டாவது நாற்காலி. முதல் குழல் பாடினால் இவர் கீழே நின்று தாங்குவார். முதல் குழல் மூச்சு வாங்கினால் இவர் அந்த ஓட்டையை அடைப்பார். முன்னால் வந்து தனியாக நின்றதே இல்லை. இப்போது நிற்கப் போகிறார், அதுவும் ஒரே ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு.

சமையலறையில் நின்றுதான் பழகுவார். அங்கேதான் எதிரொலி நன்றாக இருக்கிறதாம். முதல் நாலு முகங்களும் குழலை ஏணியில் ஏற்றி இறக்கி, தும்ம வைத்து, விக்க வைத்து ஒரு வழி செய்தன. அதையெல்லாம் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்து முடித்தார். ஐந்தாவது வந்ததும் தாள்காரர் வாசலில் வந்து நின்றார்.

"இது யார் எழுதினது?" என்றார்.

"மேதைதான்."

"நிஜமாவா?"

"எனக்கும் அதே சந்தேகம்தான். தெரியாம எழுதிட்டார் போல."

ஐந்தாவது முகம் குழலின் ஆக அடித்தொண்டையில் ஒரு மெட்டு. இரண்டு நிமிஷம். அவசரமில்லாமல் இறங்கி இறங்கி, வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுகிற மாதிரி போய் உட்காரும். மேதை அதற்கு எழுதிய விளக்கம் மட்டும் பதினொரு நிமிஷம். ஆனால் அதில் செருப்பு எங்கேயும் வரவில்லை.

சிக்கல் என்னவென்றால், குழலின் அடித்தொண்டை ரொம்பச் சன்னம். உச்சியில் ஊதினால் ஊரைக் கூட்டலாம். அடியில் ஊதினால் பக்கத்து நாற்காலிக்குக் கேட்டால் அதிர்ஷ்டம். மேதையோ அந்த இரண்டு நிமிஷமும் இருபத்திரண்டு பேரையும் சேர்த்து இழுக்க விட்டிருந்தார். கம்ப்யூட்டரில் எழுதுகிறவருக்கு இதெல்லாம் தெரியாது. அதில் குழலுக்கு ஒரு பொத்தான் இருக்கும், ஏற்றிவிட்டால் ஏறிவிடும். மனுஷ மூச்சுக்குப் பொத்தான் கிடையாது.

அந்தம்மா பணிவாகத்தான் கேட்டார். "சார், கடைசிப் பகுதில பாதிப் பேர் மட்டும் வாசிச்சா குழல் கேட்கும்."

மேதை சால்வையைச் சரிசெய்தார். "அம்மா, நான் இருபத்திரண்டு பேருக்கு எழுதியிருக்கேன். பதினோரு பேருக்கு இல்ல. கேட்காம போறதும் ஒரு வகைக் கேட்புதான்."

அன்று வீட்டுக்கு வந்து குழலைத் துடைத்துக்கொண்டே கணவரிடம் சொன்னார்: "பத்தொன்பது வருஷம் கழிச்சு முன்னால நிக்கிறேன். அந்த ரெண்டு நிமிஷத்துக்காகத்தான் மத்த பதினேழு நிமிஷத்தையும் சகிச்சுக்கிட்டு ஊதுறேன். அதுல போய் நான் ஊமைப் படத்துல நடிக்கிற மாதிரி விரலை ஆட்டிட்டு நிக்கணுமாம்."

 தாள்காரருக்கு அவருடைய பாடு.

அவர் பாடு காகிதம். மேதைக்குச் சாதாரணக் காகிதம் ஆகவில்லை. கெட்டியாக, பால் நிறத்தில், ஓரம் கிழிந்த மாதிரி இருக்கும் ஒன்றை அவரே அனுப்பிவைத்தார். கூடவே ஒரு கட்டளை: ஒவ்வொரு முகமும் எல்லாருக்கும் புதுப் பக்கத்தில் தொடங்க வேண்டும், "தாளும் இசையின் அங்கம்." அந்தக் காகிதத்தைத் தடவிப் பார்த்ததுமே தாள்காரருக்குப் புரிந்துவிட்டது, இது அடங்காது. மரத்துக்கு நாரோட்டம் இருக்கிற மாதிரி காகிதத்துக்கும் ஓர் ஓட்டம் உண்டு. ஓட்டத்தோடு மடித்தால் படுக்கும், குறுக்கே மடித்தால் முறைத்துக்கொள்ளும். இது குறுக்கே வெட்டின காகிதம். எடுத்துச் சொன்னார். மேதை, "கலையைக் காகிதம் தீர்மானிக்கக்கூடாது" என்றார். சரி, உம் இஷ்டம் என்று பதினொரு ஸ்டாண்டுக்கும் பதினொரு புத்தகம் தைத்து வைத்தார்.

செவ்வாய்க்கிழமை முதல் ஒத்திகை. தாள்காரர் அடுத்த மாத நிகழ்ச்சிக்கான வேலையோடு தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார். பதினோரு மணிக்குத் தேநீர் இடைவேளை விட்டதும் கதவு தட்டப்பட்டது. வந்தவர் முதல் ஸ்டாண்டின் உள்பக்க வயலின்காரர். குறட்டை என்று பெயர். ஒரு காலத்தில் நீண்ட மௌனம் ஒன்றின் நடுவே தூங்கிப்போய், அந்த மௌனத்தையும் கெடுத்த பெருமை அவருக்கு உண்டு.

"தாள்காரரே, உங்க புத்தகம் என்னைக் கன்னத்துல அறையுது."

"என்ன ஆச்சு?"

"கடைசிப் பக்கம் திருப்பினா நிக்க மாட்டேங்குது. படார்னு திரும்பி வருது. வேற வழியில்லாம கையால பிடிச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். நான் மட்டுமில்ல, உள்பக்கம் மொத்தமும்."

"கடைசி வரைக்குமா?"

"கடைசி வரைக்கும். எனக்கென்ன, சௌகரியம்தான். உங்க பேர் கெட்டுப்போகுமேன்னு சொன்னேன்."

சொல்லிவிட்டுத் தேநீரோடு போய்விட்டார். தாள்காரர் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடி இருந்தார். இருபத்தாறு வருஷம். ஒரே காலையில் பதினொரு பேரை வில்லைக் கீழே வைக்க வைத்துவிட்டது அவர் தைத்த தாள்.

அன்று மாலை மனைவி பாடிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தார். பையை ஒரு பக்கம், செருப்பை ஒரு பக்கம் போட்டார்.

"ஏங்க, கேட்டுச்சுங்க."

"எது?"

"நான். கடைசி ரெண்டு நிமிஷம். என்னமோ தெரியல, பின்னால எல்லாரும் திடீர்னு மெலிசா வாசிச்சாங்க. என் குழல் கடைசி வரிசை வரைக்கும் போய் முட்டித் திரும்பி வந்துச்சு. மேதை கண்ணை மூடிக்கிட்டு நின்னார். முடிஞ்சதும் நிறுத்தி, 'இதுதான், இதைத்தான் நான் எழுதினேன்'னு சொன்னார். பாதி இல்லாம போறதுலதான் முழுசு இருக்காம். பத்து நிமிஷம் பேசினார். எனக்கு ஒண்ணும் புரியல. புரியாட்டி என்ன, கேட்டுச்சே."

தனியாக வாசிப்பவர் சபையைப் பார்த்து நிற்பவர். தன் முதுகுக்குப் பின்னால் பதினொரு பேர் காகிதத்தை அமுக்கிப் பிடித்திருந்தது அவருக்கு எப்படித் தெரியும்? கணவருக்கோ கன்னத்தில் அறை வாங்கின கதை மட்டும்தான் தெரியும். மனைவி சொன்னதில் பாதி காதில் விழவில்லை. மனசு முழுக்க காகிதம்.

"நல்லது, நல்லது" என்றார்.

"என்ன நல்லது? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"தாள் சரியில்ல. மாத்தணும்."

புதன், வியாழன் இரண்டு நாளும் அவர் அறையை விட்டு வெளியே வரவில்லை. நல்ல மெல்லிசான காகிதம் எடுத்தார், ஓட்டம் பார்த்து வெட்டினார். மேதை கேட்டபடியே ஒவ்வொரு முகமும் புதுப் பக்கம். ஆனால் திருப்பும் இடங்களை எல்லாம் தாளத்தின் சின்னச் சின்ன மௌனங்களில் ஒளித்துவைத்தார். ஓரத்தைக்கூட கிழிந்த மாதிரி அராவினார், மேதை கண் திறந்தாலும் வித்தியாசம் தெரியக்கூடாது. பழைய பதினொன்றையும் வழக்கப்படி மேஜைக்கு அடியில் பெரிய புத்தகங்களின் கீழே போட்டார். அவர் அறையில் எந்தக் காகிதமும் சுருண்டு கிடப்பது அவருக்குப் பொறுக்காது.

வெள்ளிக்கிழமை ஒத்திகைக்கு மேலே போய்ப் பக்கவாட்டுத் திரைக்கு அருகே நின்றார். தன் வேலையைத் தானே பார்த்து ரசிக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. அன்றைக்கு மட்டும் ஆசை. ஐந்தாவது முகம் வந்தது. பதினொரு கைகள் எழுந்தன, பதினொரு பக்கங்கள் ஒன்றாய்த் திரும்பின, பெட்டிப்பாம்பாய்ப் படுத்தன. ஒரு வில்கூட இம்மி பிசகவில்லை. இருபத்திரண்டு பேரும் ஒரு தேன்கூடு மாதிரி முழங்கினார்கள்.

ஆகா என்று நினைத்துக்கொண்டே மனைவியைப் பார்த்தார். மனைவியின் விரல்கள் ஆடின. கன்னம் அசைந்தது. தோள் ஏறி இறங்கியது. ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

மேதை கைகளை இறக்கினார். கண்ணையும் திறந்தார். அது அபூர்வம்.

"என்ன இது? என் இசை எங்கே?"

எல்லோரும் வில்லை மடியில் இறக்கினார்கள்.

"செவ்வாய்க்கிழமை இருந்தது. இன்னைக்கு இல்ல. யாரோ என் இசையில கை வச்சிருக்காங்க."

முதல் வயலின் அம்மாளை எல்லோரும் டீச்சரம்மா என்பார்கள். எழுதியிருந்தால் வாசிக்க வேண்டும், எழுதாவிட்டால் வாசிக்கக்கூடாது, அவ்வளவுதான் அவருடைய வேதம். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே சொன்னார்: "எழுதியிருக்கிறதை வாசிச்சோம் சார். செவ்வாய்க்கிழமையும் எழுதியிருக்கிறதைத்தான் வாசிச்சோம்."

"அப்படின்னா ஞாயிற்றுக்கிழமையும் செவ்வாய்க்கிழமை மாதிரி இருக்கணும்" என்று சொல்லிவிட்டு மேதை சால்வையை வீசிப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

குறட்டை தாள்காரர் பக்கம் சாய்ந்தார். "செவ்வாய்க்கிழமை நாங்க பாதிப் பேர் காகிதத்தைப் பிடிச்சுக்கிட்டு இருந்தோமே, அதைச் சொல்றாரோ?"

அப்போதுதான் தாள்காரருக்கு உறைத்தது. மேதையின் இசையில் யாரும் கை வைக்கவில்லை. வைத்த கையை அவர்தான் எடுத்துவிட்டார். சொந்த மனைவியின் வாயை இரண்டு நாள் கண்விழித்து, ஓட்டம் பார்த்து வெட்டி, நூல் கோர்த்துத் தைத்திருக்கிறார்.

மேதையிடம் போய் உண்மையைச் சொல்லலாம். சொன்னால் என்ன ஆகும்? தன் முழுமைத் தத்துவம் ஒரு முரட்டுக் காகிதத்தின் பிள்ளை என்று தெரிந்தால் அந்த மனுஷன் முழுசாக இருபத்திரண்டு பேரையும் வாசிக்க வைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். பெரிய மனுஷர்கள் எதையும் ஒப்புக்கொள்வார்கள், அது தங்களுக்கே தோன்றியதாக இருந்தால்.

டீச்சரம்மாவைத் தனியே பிடித்தார். "அம்மா, கடைசிப் பகுதில உள்பக்கம் சும்மா இருந்தா என்ன?"

"அப்படி எழுதியிருக்கா?"

"இல்ல."

"அப்ப வாசிப்போம்."

"காகிதம் நிக்கலைன்னா?"

டீச்சரம்மா அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். "அது வேற. காகிதம் நிக்கலைன்னா மனுஷன் என்ன பண்ணுவான்?"

இனி அவர் முன்னால் இரண்டே வழி. 'வாசிக்காதே' என்று பென்சிலால் எழுதிவிடலாம். ஆனால் அடுத்தவர் எழுத்தைத் திருத்துவது அவர் தொழிலில் பாவம். அல்லது கெட்ட தாளை வைக்கலாம். அது பாவமில்லை, கேவலம். இருபத்தாறு வருஷம் சேர்த்த மானத்தை ஒரு பக்கமும், பத்தொன்பது வருஷத்துக்கு ஒரு தடவை வரும் இரண்டு நிமிஷத்தை இன்னொரு பக்கமும் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்க்கவில்லை. கீழே போய்ப் பழைய பதினொன்றையும் வெளியே இழுத்தார்.

தோசைக்கல்லில் ஊற்றின மாதிரி தட்டையாக இருந்தன. மூன்று நாள் புத்தகச் சுமை. முறைப்பு, முரட்டுத்தனம் எல்லாம் போய், பள்ளிக்கூடப் பிள்ளைகளாகப் படுத்துக் கிடந்தன. பிரித்துத் திருப்பிப் பார்த்தார். சொன்ன பேச்சுக் கேட்டன.

சனிக்கிழமை மத்தியானம் மனைவி மேல்மாடியில் துணி எடுத்துவிட்டுக் கீழே வந்தபோது, சாப்பாட்டு மேஜையில் இஸ்திரிப் பெட்டி, ஒரு கிண்ணம் தண்ணீர், துடைப்பக் கட்டை, ரப்பர் வளையங்கள். கணவர் ஒரு புத்தகத்தின் ஒரு பக்கத்தை மட்டும் ஈரத்துணியால் ஒற்றி, சூடு காட்டி, கட்டையில் இறுக்கிச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"இது என்ன கூத்து?"

"தாளை முறைக்க வைக்கிறேன்."

"நேத்து வரைக்கும் தாள் சுருண்டா உயிர் போன மாதிரி நிமிர்த்தினீங்க. இன்னைக்கு இஸ்திரி போட்டுச் சுருட்டுறீங்க. உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

அவர் தலை நிமிராமலே எல்லாவற்றையும் சொன்னார். பதினொரு கைகள், செவ்வாய்க்கிழமை, புது தாள், வெள்ளிக்கிழமை. மனைவி துணிக் குவியலோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முதலில் முகம் விழுந்தது.

"அப்ப அது என் வாசிப்பு இல்லையா? காகிதமா?"

"வாசிப்பு உன்னுது. காகிதம் கொஞ்சம் வழி விட்டுது. அவ்வளவுதான்."

மனைவி யோசித்தார். பிறகு ஒரு துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து எழுந்தால், சிரிப்பு.

"பாதி இல்லாம போறதுல முழுசு இருக்குன்னு சொன்னாரே. அந்தப் பாதி காகிதத்தை அமுக்கிட்டு இருந்துதா?"

"சிரிக்காதே. நாளைக்கு இதை நினைச்சு ஊதும்போது சிரிச்சுத் தொலைச்சே, அவ்வளவுதான். ஒண்ணு மட்டும் சொல்றேன், பின்னால திரும்பிப் பார்க்காதே."

"பார்க்க மாட்டேன்." துண்டைக் கீழே வைத்தார். "ஏங்க, உங்க பேர் கெட்டுப்போகுமே. சபை முன்னால அத்தனை பேரும் தாளைப் பிடிச்சுக்கிட்டு இருந்தா, யார் தாள் இதுன்னு கேட்பாங்களே."

"யார் கேட்பாங்க? இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

"இதுவரைக்கும் நீங்க கெட்ட தாள் வச்சதில்ல."

 கட்டையை மனைவி பக்கம் நீட்டினார். "இந்த முனையைப் பிடி."

பிடித்தார். சாயங்காலத்துக்குள் பதினொன்றும் சுருண்டன.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குத் தாள்காரர் ஸ்டாண்டுகளில் புத்தகங்களை வைத்துவிட்டு, கை கழுவப் போய் வந்தார். வந்து பார்த்தால் முதல் ஸ்டாண்டு காலி. டீச்சரம்மா எப்போதும் ஒரு மணி நேரம் முன்னதாக வருவார் என்பதை மறந்துபோயிருந்தார். அந்த அம்மாள் நேராக உட்கார்ந்து வில்லுக்கு மெழுகு தடவிக்கொண்டிருந்தார். அவருடைய வயலின் பெட்டி தரையில். பெட்டிக்கு அடியில் புத்தகம்.

"சுருண்டு கிடந்தது" என்றார் டீச்சரம்மா. "இது நீங்க வைக்கிற மாதிரி இல்லையேன்னு நானே நிமிர்த்தி வைக்கிறேன்."

அதை எப்படி எடுக்கச் சொல்வது என்று தாள்காரர் யோசிப்பதற்குள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். நாலு மணி மணியும் அடித்துவிட்டது.

அரங்கம் முக்கால்வாசி நிரம்பியிருந்தது. முன்வரிசையில் பொறுமைசாலிகள், பின்வரிசையில் உறவுக்காரர்கள். மேதை விளக்கத்தைச் சுருக்கமாக, கால் மணி நேரத்தில் முடித்துக் கண்ணை மூடினார். முதல் முகம் தும்மியது, இரண்டாவது விக்கியது. மூன்றும் நாலும் எப்படியோ கழிந்தன. அந்தம்மா நீல நிறப் புடவையில் நேராக நின்று, கொடுத்த வேலையைச் செய்தார். தாள்காரர் திரைக்கு அருகே, பக்கங்களை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஐந்தாவது. பதினொரு கைகள் பக்கத்தைத் திருப்பின. கடைசி ஸ்டாண்டில் தாள் எகிறியது, டபுள் பாஸ்காரர் கபக்கென்று அமுக்கினார். செல்லோக்களில் எகிறியது, அமுக்கினார்கள். வயோலா, வயலின், வரிசையாகக் கைகள் எழுந்து தாள்மேல் போய் உட்கார்ந்தன. அவர் எண்ணினார். எட்டு. ஒன்பது. பத்து.

முதல் ஸ்டாண்டில் பக்கம் திரும்பி, சமர்த்தாகப் படுத்தது.

குறட்டை அதைப் பார்த்தார். காகிதம் நிற்கிறது, எழுதியிருக்கிறது, வாசிக்க வேண்டியதுதான். வில்லைத் தூக்கினார். அந்தப் பதினொன்றில் சபைக்கு ஆக அருகில், குழலுக்கு நேர் பின்னால் இருப்பது அந்த வில்தான். தூக்கின வில் கீழே இறங்குவதற்குள் ஏதோ உறுத்தியது போலப் பக்கத்தில் பார்த்தார். டீச்சரம்மா வாசித்துக்கொண்டே இருந்தார். தலை அசையவில்லை, தோள் அசையவில்லை. கண் மட்டும் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தது, பிறகு தாளைப் பார்த்தது, மறுபடி அவரைப் பார்த்தது. கடைசி பெஞ்சுப் பையனைப் பார்க்கிற பார்வை.

குறட்டை வில்லை மடியில் வைத்தார். அசையாமல் கிடந்த அந்தத் தாளின்மேல், குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி, மெதுவாகக் கையை வைத்தார்.

பதினொன்று.

குழல் கேட்டது. அடியிலிருந்து, அவசரமில்லாமல், படிப்படியாக இறங்கி வந்தது. கொஞ்ச நேரத்துக்கு அந்த அரங்கத்தில் யாரும் இருமவில்லை, உறவுக்காரர்கள்கூட. தாள்காரர் அதற்குப் பிறகு எண்ணவில்லை. காகிதத்தைப் பார்க்கவும் இல்லை. மெட்டு வீட்டுக்குள் வந்தது, செருப்பைக் கழற்றியது, உட்கார்ந்தது.

கைதட்டலில் மேதை மூன்று தடவை வெளியே வந்து குனிந்தார். நாலாவது தடவை அந்தம்மாவைத் தனியாக அனுப்ப வேண்டியதாயிற்று, சபை விடவில்லை.

எல்லாம் முடிந்து தாள்காரர் ஸ்டாண்டுகளிலிருந்து புத்தகங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது டீச்சரம்மா தன்னுடையதைக் கொண்டுவந்து நீட்டினார்.

"தாள் சரியில்ல" என்றார்.

"தெரியும்மா."

"இருபத்தாறு வருஷத்துல இப்படி ஒரு தாள் நீங்க வச்சதில்ல."

"ஆமாம்மா."

"மாத்திடாதீங்க." சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இருபத்தாறு வருஷத்தில் தாள்காரருக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. கெட்ட தாளுக்குத்தான் கிடைத்தது, இருக்கட்டும்.

பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தே போனார்கள். இன்னும் வெளிச்சம் இருந்தது. குழல் பெட்டியை அவர் தூக்கிக்கொண்டார், பூங்கொத்தை அவர் மனைவி.

"திரும்பிப் பார்த்தியா?"

"பார்க்கலையே. எத்தனை கை?"

"பதினொண்ணு."

"எண்ணினீங்களா?"

"பத்து வரைக்கும் எண்ணினேன். பதினொண்ணு தானா வந்துச்சு."

 "என் குழல் எனக்கே கேட்டுச்சு" என்றார் மனைவி. பேருந்து வந்தது. ஜன்னல் ஓரம் கிடைத்தது.

ஒன்றரை மாதம் கழித்து மேதையிடமிருந்து கடிதம். வேறொரு நகரத்து இசைக்குழு அதே படைப்பை வாசிக்கிறதாம். நல்ல குழுதான், நல்ல தாளில் அழகாக அச்சடித்திருக்கிறார்கள், குழல் வாசிப்பவரும் கெட்டிக்காரப் பெண், ஆனால் ஐந்தாவது முகம் மட்டும் வரவே மாட்டேன் என்கிறது. "என் இசையின் ஆழம் அவர்களுக்குப் பிடிபடவில்லை. உங்கள் கையால் தைத்த தாள்களில் ஏதோ ஒரு ஆன்மா இருக்கிறது. அனுப்பிவைக்க முடியுமா?"

தாள்காரர் இரண்டு தடவை படித்தார். மேஜைக்கு அடியில் வைக்காமல் அலமாரி உச்சியில் தனியாகச் சுருட்டி வைத்திருந்த பதினொன்றையும் இறக்கி, நீளமான அட்டைக் குழாய் ஒன்றுக்குள் இறுக்கித் திணித்தார். வழியிலும் நிமிர்ந்துவிடக்கூடாது. மூடப் போகும்போது மனைவி வந்து, "இருங்க" என்று ஒரு துண்டுத் தாளை உள்ளே போட்டார்.

"என்ன அது?"

"அந்தப் பொண்ணுக்கு."

எடுத்துப் பிரித்துப் பார்த்தார். ஒரே வரி. 'தங்கச்சி, கடைசிப் பக்கம் வந்ததும் நல்லா மூச்செடுத்து வாசி, பின்னால மட்டும் திரும்பிப் பார்த்துடாதே.'

மடித்து உள்ளே போட்டு, மூடியை அழுத்தி ஒட்டினார்.